ஆறாவது ஆளின் மீசை

வென்சல் பிர்க்னரின் மீசைக்கு வியன்னா நகரில் எதிரிகள் என்று யாரும் இருந்ததில்லை, அவர் சினிமாவில் நடிக்க ஒப்புக்கொள்ளும் வரை. இருபத்தேழு வருஷமாக அது அவருடைய மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் தன்பாட்டுக்கு இருந்துவந்தது. காபி குடித்தால் நுரையில் நனையும். ஜனவரிக் குளிரில் விறைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி ஹெர்மி சின்னக் கத்தரியால் ஓரம் வெட்டிவிடுவாள். இரண்டு நுனியும் மேலே வளைந்து, சக்கரவர்த்தி காலத்துப் படங்களில் ரயில்வே அதிகாரிகள் வைத்திருப்பது போல இருக்கும். அவ்வளவுதான் அதன் சரித்திரம்.

பிர்க்னருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை ஒருநாள் வெளியே எடுத்தார். கொர்னேலியா ஃபுக்ஸ் என்ற சினிமா இயக்குநர் அவள். வெளியே வந்தவள் நன்றிகூடச் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அவர் முகத்தையே பார்த்தாள்.

"இது நிஜமா?"

"எது, கம்பியா? நிஜம்தான். கொஞ்சம் தேஞ்சிருக்கு."

"மீசையைச் சொல்றேன்."

அவள் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் பெயர் 'சாய்ந்து படுத்த நூற்றாண்டு'. ஆட்களை சோபாவில் படுக்கவைத்து, மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லச் சொல்லி, அதிலிருந்து நோயைக் கண்டுபிடித்த முதல் உளப்பகுப்பாய்வு டாக்டர்களின் கதை. 1908ஆம் வருஷம் அந்த முன்னோடிகள் ஏழு பேர் ஒரு தோட்டத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதுதான் படத்தின் உச்சக் காட்சி. இடமிருந்து ஆறாவது ஆள் டாக்டர் ஃபிஷ்ல். அவர் அந்த ஒரு நாள் மட்டும் வந்தார், பிறகு வரவில்லை. அவரைப் பற்றி வேறொன்றும் யாருக்கும் தெரியாது.

"வசனம் கிடையாது. சும்மா நிக்கணும்," என்றாள் கொர்னேலியா.

"நிக்கத் தெரியும்," என்றார் பிர்க்னர்.

ஹெர்மி வருஷத்துக்கு ஒருமுறை ஏரிக்கரைக்குப் போகிற அந்த ஒரு வாரத்தைக்கூட விட்டுக்கொடுத்தாள். கட்டடம் முழுக்கச் சொல்லிவைத்தாள். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டாம் மாடிக்காரியிடமும் இதைச் சொல்வதற்காகவே சமாதானம் செய்துகொண்டாள்.

படத்துக்கு ஆதரவு கொடுத்த நகராட்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. 'முன்னோடிகள் நினைவுக் கழகம்' சரித்திரத் துல்லியச் சான்றிதழ் கொடுத்தால்தான் படம் வெளியே வரலாம். ஆகவே முதல் நாள் காலையில், நடிகர்கள் வருவதற்கு முன்பே, படப்பிடிப்புக்கு எடுத்திருந்த பழைய வீட்டில் கழகத்தின் துல்லியக் குழு இரண்டு வண்டிகளில் வந்து இறங்கியது. மொத்தம் ஆறு பேர். ஒரே வண்டியில் வர அவர்களால் முடியாது. மூன்று பேர் முன்னோடிகளில் மூத்தவரான பேராசிரியர் லிண்டன்ஹைம் வழியில் வந்தவர்கள். மற்ற மூன்று பேர், 1911இல் பேராசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய டாக்டர் கல்மார் வழியில் வந்தவர்கள். இரு தரப்பும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொள்வதில்லை. குழுக் கூட்டத்தில் மட்டும் பேசிக்கொள்வார்கள். ஆகவே அடிக்கடி கூட்டம் போடுவார்கள்.

லிண்டன்ஹைம் தரப்புக்கு ஹோஃப்ராட் டிராப் தலைவர். ஹோஃப்ராட் என்பது அரசு கொடுத்த பட்டம். அதை விட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. கல்மார் தரப்புக்கு டாக்டர் எடெல்ட்ராட் ஷோபர் தலைவி. ஹோஃப்ராட் எதைச் சொன்னாலும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்வாள். அது அவருக்கு எரியும் என்று அவளுக்குத் தெரியும். எரிகிறதென்று அவர் காட்டிக்கொள்ள மாட்டார். இருவரும் இதைப் பற்றித் தனித்தனியே புத்தகம் எழுதியிருந்தார்கள்.

ஹோஃப்ராட் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உரையாற்றினார்.

"எங்க கழகம் உண்மைக்கு அஞ்சாது. எந்த உண்மைக்கு அஞ்சக் கூடாதுன்னு முடிவு பண்றதுக்கே தனியா ஒரு துணைக்குழு வச்சிருக்கோம். அப்புறம், எங்களுக்குள்ள கருத்து வேற்றுமை இருக்குன்னு பத்திரிகையில எழுதறாங்க. சுத்தப் பொய். கருத்து வேற்றுமை உள்ளவங்களை நாங்க நோயாளின்னுதான் சொல்லுவோம். நோயாளியோட யாராவது சண்டை போடுவாங்களா?"

டாக்டர் ஷோபர் கண்ணை மூடிப் புன்னகை செய்தாள். கூட்டம் கைதட்டியது. ஹோஃப்ராட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இதோட நிறுத்திக்குவோம்," என்று ஒரு வாக்கியத்தின் பாதியில் உட்கார்ந்தார். சரியாக ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. கழகத்தில் எந்தக் காரியமும் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் நடக்காது. மறைந்த தலைவர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தியபோதுகூட ஐம்பதாவது நிமிஷத்தில் சவப்பெட்டியைப் பாதிக் குழியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள் என்று பேச்சு.

பிர்க்னருக்கு உரையின்போதே அவசரமாக இருந்தது. மெல்ல ஹோஃப்ராட்டிடம் போனார்.

"ஐயா, இங்க கழிப்பறை எங்க இருக்கு?"

ஹோஃப்ராட் அவரைக் கனிவோடு பார்த்தார். "எங்க இருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"எங்க இருந்தாலும் சரி. சீக்கிரம் இருந்தா நல்லது."

"சீக்கிரம். ம். சின்ன வயசுல உங்களை யாராவது காக்க வச்சாங்களா?"

"இப்ப நீங்கதான் காக்க வைக்கிறீங்க."

ஹோஃப்ராட் நோட்டுப்புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். பிர்க்னர் டாக்டர் ஷோபரிடம் ஓடினார். கழிப்பறையைத் தேடுகிறவன் உண்மையில் தன்னைத் தாழ்த்திய அண்ணனைத் தேடுகிறான் என்று அந்த அம்மாள் விளக்கினாள். பிர்க்னருக்கு அண்ணன் கிடையாது. அதுதான் விஷயமே என்றாள் அவள். கடைசியில் ஒப்பனைக்காரி யட்ராங்கா, தலையைக்கூடத் திருப்பாமல், "கதவுக்கு அந்தாண்ட, இடது பக்கம்," என்றாள். அன்று முழுக்க அந்த வீட்டில் ஒருவருக்கு ஒருவர் சொன்ன பயனுள்ள வாக்கியம் அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் சிக்கல் வெடித்தது. குழு பழைய போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தது. டாக்டர் ஃபிஷ்லின் மூக்குக்கு நேர் கீழே ஒரு கீறல். மீசை இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

"இருந்தது," என்றார் ஹோஃப்ராட்.

"இல்லை," என்றாள் டாக்டர் ஷோபர்.

விஷயம் சின்னதல்ல. பேராசிரியர் லிண்டன்ஹைமுக்கு மீசை உண்டு. ஃபிஷ்லுக்கும் மீசை இருந்திருந்தால் அவர் பேராசிரியரைப் பார்த்து வளர்த்தவர், ஆகவே லிண்டன்ஹைம் கட்சி. மழித்திருந்தால் அவர் 1908லேயே மனதளவில் கலகம் செய்தவர், ஆகவே கல்மார் கட்சி. ஏழு முன்னோடிகளில் கட்சிக்கு மூன்று பேர் என்று இதுவரை சமமாக இருந்தது. மிச்சமிருந்த ஃபிஷ்ல் யார் பக்கமோ, அவர்கள்தான் பெரும்பான்மை.

இறந்துபோன ஃபிஷ்லைக் கேட்க முடியாததால், பிர்க்னரைக் கேட்பதென்று குழு தீர்மானித்தது. படப்பிடிப்புக்காக வைத்திருந்த சோபாவில் அவரைப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் ஹோஃப்ராட், கால்மாட்டில் டாக்டர் ஷோபர்.

"மீசை எப்ப வந்தது? மனசுல தோணறதைச் சொல்லுங்க."

"முப்பத்தோரு வயசுல. பிளேடு மழுங்கிப்போச்சு. வாங்கப் போனேன். கடை மூடியிருந்தது. திருவிழா லீவு, மூணு நாள். நாலாவது நாள் ஹெர்மி பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்னு சொன்னா. விட்டுட்டேன்."

"கடை மூடியிருந்தது," என்றார் ஹோஃப்ராட், ஒவ்வொரு எழுத்தாக. "யார் மூடினாங்க?"

"கடைக்காரர்."

"அவர் உங்க அப்பா மாதிரி இருப்பாரா?"

"குட்டையா, வழுக்கையா இருப்பாரு. எங்கப்பா நெட்டை."

"நேர் எதிர்!" என்று ஹோஃப்ராட் எழுந்தே விட்டார். "எழுதிக்கங்க, நேர் எதிர்!"

"மழுங்கின பிளேடு," என்றாள் டாக்டர் ஷோபர் கால்மாட்டிலிருந்து. "ஐயோ பாவம். எத்தனை வருஷமா இந்தச் சுமையைத் தூக்கிட்டு இருக்கீங்க?"

"எந்தச் சுமையை, மேடம்?"

"பாத்தீங்களா, தெரியவே இல்லை!"

அதன் பிறகு அவர்களே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஆரம்பித்ததால் பிர்க்னருக்குத் தூக்கம் வந்துவிட்டது. நல்ல சோபா. குறட்டை விட்டார். குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் அன்றைய பகுதி இன்றும் இருக்கிறது: 'மொத்தக் குறட்டை இருபத்து மூன்று. அவற்றில் ஏழு எதிர்ப்புக் குறட்டை, அதாவது நோயாளி உண்மையை மறைக்க விடுவது. பதினொன்றாவது குறட்டையில் "ம்மா" என்று ஒரு ஒலி கேட்டதாக ஒரு தரப்பு. கேட்கவில்லை என்று மறுதரப்பு.'

முன்னோடிகளாக நடிக்க வந்த ஆறு நிஜ நடிகர்கள் வண்டிக்குள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கொர்னேலியா தோட்டத்தில் தனியாக நடந்து, நடந்து, ஒரு ரோஜாச் செடியின் இலைகள் முழுவதையும் கிள்ளிப்போட்டிருந்தாள். வீட்டில் பிர்க்னரும் நன்றாக இல்லை. "சூப்பு வேணுமா?" என்று ஹெர்மி கேட்டதற்கு, "ஏன் கேக்கற?" என்றார். பிறகு தானே பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் நாள் குழு சமரசத் தீர்மானம் ஒன்றை வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. மீசையின் இடது பாதி இருக்கலாம். வலது பாதி மழிக்கப்பட வேண்டும்.

கொர்னேலியா தீர்மானத்தை இரண்டு முறை படித்தாள். "உலகத்துல எவனாவது பாதி மீசையோட போட்டோவுக்கு நிப்பானா?"

"சரித்திரம் சிக்கலானது, அம்மா," என்றார் ஹோஃப்ராட்.

"சமரசம்னு யாரும் நினைச்சிடாதீங்க," என்றாள் டாக்டர் ஷோபர். "அவங்க பாதியை நாங்க அங்கீகரிக்கலை. பொறுத்துக்கறோம்."

பிர்க்னரை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துண்டு கட்டினார்கள். யட்ராங்கா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். பிர்க்னர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். எந்த நாளும் அதைப் பற்றி அவர் இவ்வளவு யோசித்ததில்லை. பிடித்ததால் வளர்த்தாரா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அதைப் பாதியாகப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்ததும் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம்," என்றார்.

"எதிர்ப்பு!" என்றார்கள் இரு தரப்பும், பல வருஷங்களில் முதன்முறையாக ஒரே குரலில்.

"எதிர்ப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. வேணாம்னு சொல்றேன்."

"அதுதான் எதிர்ப்பு."

"சரி, அப்ப வேணும்."

"எழுதிக்கங்க, ஒத்துக்கிட்டார். ஆழமான எதிர்ப்பு."

அந்த நேரத்தில் ஹெர்மி உள்ளே வந்தாள். கையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். இறைச்சி வைத்த ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரியும். வாசலில் இருந்த ஆள் அவளிடம் அனுமதிச் சீட்டு கேட்டிருக்கிறான். வெள்ளரி கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"என்ன நடக்குது இங்க? ஏம்மா, அந்தக் கத்தியைக் கீழ வை."

"நான் எங்க பிடிச்சேன்? கையில குடுத்துட்டாங்க," என்றாள் யட்ராங்கா.

ஹோஃப்ராட் முன்னால் வந்தார். "நீங்கதான் மனைவியா? நல்ல வேளை. இந்த மீசை உங்களுக்கு என்ன அர்த்தம் தருது?"

"ஞாயித்துக்கிழமை கால் மணி நேர வேலை தருது."

"மேலோட்டமா சொல்றீங்க. அடியில?"

"அடியில வாய் இருக்கு. அதுல இந்த மனுஷன் மூணு நாளா ஒழுங்கா ஒரு வார்த்தை பேசறதில்லை. உப்பை எடுன்னா, 'உப்புன்னா என்ன நினைச்சு சொல்ற'ன்னு கேக்கறாரு. நல்லா இருந்த ஆளை அனுப்பினேன். என்ன பண்ணினீங்க இவரை?" ஹெர்மி பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். "அந்த மீசையில பாதி என்னோடது. எந்தப் பாதின்னு இன்னும் பிரிக்கலை. அதனால ரெண்டு பாதியையும் தொடாதீங்க."

ஹோஃப்ராட் வாயைத் திறந்தார். கொர்னேலியா முந்திக்கொண்டாள். மூன்று நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"ஹோஃப்ராட், மீசை விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. என் நடிகர்களுக்கு நிக்கவே தெரியலை. முன்னோடிகள் எப்படி நின்னாங்கன்னு தெரிஞ்சவங்க இந்த ஊர்லயே நீங்க ஆறு பேர்தான். கொஞ்சம் நின்னு காட்டுவீங்களா? சும்மா பாடத்துக்கு. பிர்க்னர் அவர் இடத்துல நிக்கட்டும், அளவு தெரியும்."

ஆறு பேரும் உடைகளைச் சரிசெய்துகொண்டார்கள். தோட்டத்தில் காற்று குளிராக இருந்ததால் உடைப் பிரிவிலிருந்து பழைய காலத்து மேலங்கிகளும் தொப்பிகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்மாருக்குத் தாடி உண்டு என்பதால் டாக்டர் ஷோபர் தனக்குத் தாடி ஒட்டச் சொன்னாள். ஒட்டிய பிறகு அவள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. கொர்னேலியா ஆளுக்கொரு ஒப்புதல் படிவம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு பேரும் அடுத்தவருடைய கையெழுத்தை எட்டிப் பார்த்து, அதன் சுழியைப் பற்றி அரை மணி நேரம் விவாதித்தார்கள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒருவரும் படிக்கவில்லை.

பிறகு தோட்டத்தில் நின்றார்கள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஹோஃப்ராட் பேராசிரியராக அதில் உட்கார்ந்தார்.

"கல்மாருடைய கை நாற்காலி முதுகு மேல இருக்கும்," என்று டாக்டர் ஷோபர் கையை வைத்தாள்.

"நாற்காலி மேல இருக்கும். தோள் மேல இல்லை. எடுங்க."

"இது தோள் இல்லை. உங்க கழுத்து இவ்வளவு கீழ இறங்கினதுக்கு நான் என்ன பண்றது?"

"எடுங்கன்னேன்!"

"எடுக்க முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுல யாரும் எடுக்கலை."

ஹோஃப்ராட் எழுந்தார். அவர் எழுந்த நொடியில் டாக்டர் ஷோபர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஹோஃப்ராட் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். கல்மார் தரப்பிலிருந்து ஒரு கிழவர், எட்டு வருஷத்துக்கு முந்தைய பிறந்தநாள் விருந்தில் தனக்கு மட்டும் கேக்கின் ஓரத்துண்டு வந்ததை இன்னும் மறக்கவில்லை என்று கத்தினார். லிண்டன்ஹைம் தரப்பிலிருந்து இன்னொரு கிழவர், அதை வெட்டியதே நான்தான், வேண்டுமென்றே வெட்டினேன், கிரீம் பூவையும் நானே தின்றேன் என்று பதிலுக்குக் கத்தினார். ஒரு குடை உயர்ந்தது. ஒரு தொப்பி ரோஜாச் செடியில் விழுந்தது. "உன்னை யாரு சேத்துக்கிட்டா!", "உன் தியரியை உன் பூனைகூட நம்பாது!" என்று குரல்கள். ஆறாவது ஆளாக நின்ற பிர்க்னர் நடுவில் புகுந்து, இரண்டு கைகளையும் விரித்து, "பொறுமையா, பொறுமையா, நாற்காலி பழசு," என்று கெஞ்சினார். நாற்காலிக் கால் முறிந்தது. அவர் அதைக் கையில் எடுத்து, எங்கே பொருத்தலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹோஃப்ராட்டின் கடிகாரம் கிணுகிணுத்தது. ஐம்பது நிமிஷம். ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். தொப்பிகளை எடுத்துத் தூசி தட்டினார்கள். ஒருவருக்கொருவர் தலை வணங்கினார்கள். "இன்னைக்கு இதோட நிறுத்திக்குவோம்," என்று சொல்லிவிட்டு இரண்டு வண்டிகளில் ஏறிப் போனார்கள். டாக்டர் ஷோபர் தாடியோடு போனாள்.

செடி மறைவில் இரண்டு கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொர்னேலியா புல்லில் உட்கார்ந்து ஹெர்மியின் ரொட்டியைத் தின்றாள்.

நாலு மாதம் கழித்துச் சான்றிதழுக்காகக் கழகத்துக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். பகல் காட்சி. பிர்க்னரும் ஹெர்மியும் கடைசி வரிசை. உச்சக் காட்சி வந்தது. திரை நிறைய மேலங்கிகள், குடைகள், கேக்கைப் பற்றிய கூச்சல். கொர்னேலியா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது வெடிக்கும் என்று நினைத்தாள்.

விளக்கு எரிந்ததும் ஹோஃப்ராட் அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, ஷோபரை எப்படிப் பிடிச்சீங்க? அந்த அல்பத்தனம், அந்த நாற்காலி ஆசை, அப்படியே! மத்த நாலு பேரும் அச்சு அசலா இருக்காங்க. ஆனா பேராசிரியரா நடிச்சவர் யாரு? என்ன கம்பீரம்! என்ன பொறுமை!"

டாக்டர் ஷோபரும் காதோரம் வந்தாள். ஹோஃப்ராட்டைக் கச்சிதமாகக் கிழித்துவிட்டாய், ஆனால் அந்தத் தாடிக்காரரின் கண்ணில் தெரிந்த மேதைமை எந்த நடிகருடையது என்று கேட்டாள். கேக் கிழவர்கள் இரண்டு பேரும் அதையேதான் கேட்டார்கள். ஆறு பேரும் மற்ற ஐந்து பேரை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். தன்னை மட்டும் ஒருவரும் காணவில்லை.

அங்கேயே குழு கூடியது. சான்றிதழ் கையெழுத்தானது. கூடவே ஒரு குறிப்பும். கழகத்தின் சரித்திரத்தில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது:

'இடமிருந்து ஆறாவதாக நிற்கும் மீசைக்காரரின் நடத்தை வரலாற்றுக்கு முற்றிலும் பொருந்தாதது. சண்டையில் சேராமலும், யாரையும் ஆராயாமலும், உடைந்த நாற்காலியைச் சரிசெய்யப் பார்க்கும் இப்படி ஒரு நபர் முன்னோடிகளிடையே இருந்திருக்க வாய்ப்பே இல்லை.'

பிர்க்னருக்கு முகம் வாடிவிட்டது. "நான் சரியா நிக்கலை போல," என்றார். ஹெர்மி கொர்னேலியாவிடமிருந்து அந்தக் குறிப்பின் நகலை வாங்கி, மடிப்பு விழாமல் பைக்குள் வைத்தாள்.

இப்போது அது கண்ணாடிச் சட்டத்தில் அவர்கள் வீட்டு வாசல் நடையில் தொங்குகிறது. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் ஹெர்மி நிதானமாகச் சொல்வாள்:

"சான்றிதழ். என் புருஷன் அவங்கள்ல ஒருத்தன் இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்தது."